போன மாதத்துக்கான மாத்திரை

ஹூஸ்டனில் இருக்கும் என் தங்கை செப்டம்பரில் ஒரு நாள் கோபமாகக் கூப்பிட்டாள். அவள் நாய்க்கு மாதாமாதம் கொடுக்கும் இதயப்புழுத் தடுப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது. ஆன்லைன் மருந்துக்கடையில் விலை குறைவாக இருக்கிறதே என்று ஆறு மாத்திரை கொண்ட அட்டைக்குப் பணம் கட்டிவிட்டாள். மறுநாள் மின்னஞ்சல் வருகிறது: உங்கள் கால்நடை மருத்துவர் ஒப்புதல் தரவில்லை, ஆர்டர் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவமனையைக் கேட்டால், கடைசியாக ரத்தம் பார்த்து 14 மாதம் ஆகிறது, நாயைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள்.

“மாசாமாசம் கொடுத்துட்டுத்தானே இருக்கேன்? அப்புறம் எதுக்கு அண்ணா டெஸ்ட்? காசு பிடுங்கற வேலைதானே?”

அவள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் இந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், அந்தப் பரிசோதனை இல்லாமல் சீட்டு எழுத எந்த மருத்துவருக்கும் கை வராது என்பது புரியும்.

புழுவின் பெயர் டைரோஃபிலேரியா இம்மிடிஸ். நம் ஊர் யானைக்கால் புழுவுக்குத் தூரத்து உறவு. இரண்டுமே கொசு ஏறித்தான் ஊர் மாறுகின்றன. நோயுள்ள நாயின் ரத்தத்தில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், சிவப்பணுக்களுக்கு நடுவில் ஏதோ நெளியும். இடம் விட்டு நகராது. நின்ற இடத்திலேயே துடித்து, பக்கத்து அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம்கூட இருக்காது. அவைதான் மைக்ரோஃபைலேரியா எனப்படும் குஞ்சுகள். நாய்க்குள் எத்தனை நாள் கிடந்தாலும் இவை வளர்ந்து பெரிய புழு ஆகாது. ஒரு கொசு உறிஞ்சிக்கொண்டு போக வேண்டும்.

கொசுவின் உடம்பில் அவை இரண்டு முறை தோலுரிக்கின்றன. 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தால் இரண்டு வாரம் போதும். 14 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி என்று தெற்கு மாநிலங்களில் இந்த நோய் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாம் நிலைக்கு வந்த இளம்புழு கொசுவின் வாய்ப்பகுதிக்கு நகர்ந்து காத்திருக்கும். மலேரியா கிருமிபோல அது எச்சிலோடு ஊசி மாதிரி உள்ளே செலுத்தப்படுவதில்லை. கொசு கடிக்கும்போது ஒரு சிறு திரவத் துளியோடு நாயின் தோல்மேல் விழுந்து, கொசு குத்திய ஓட்டை வழியாகத் தானே ஊர்ந்து உள்ளே போகிறது.

இங்கிருந்துதான் நாள் கணக்கு முக்கியமாகிறது. நாயின் தோலுக்கடியில் புகுந்த இளம்புழு 3 முதல் 12 நாளுக்குள் நான்காம் நிலைக்கு மாறுகிறது. 50 முதல் 70 நாளில் கடைசித் தோலையும் உரித்துவிட்டு, தசைகளின் வழியே பயணப்பட்டு, ரத்தக்குழாயில் நுழைந்து நுரையீரல் தமனிக்குப் போய்ச் சேர்கிறது. பெயர்தான் இதயப்புழு, பெரும்பாலும் அது குடியிருப்பது நுரையீரல் தமனியில். வந்து சேரும்போது இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆறேழு மாதத்தில் பெண்புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீண்டு, குஞ்சுகளை ரத்தத்தில் விட ஆரம்பிக்கும். அப்புறம் ஐந்து முதல் ஏழு ஆண்டு அங்கேயே வாழும்.

சரி, மாத்திரை எங்கே வருகிறது? ஐவர்மெக்டின், மில்பெமைசின், மாக்ஸிடெக்டின், செலமெக்டின் எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள். புழுக்களின் நரம்பிலும் தசையிலும் குளுட்டமேட் திறக்கும் குளோரைடு வாயில்கள் உண்டு. மருந்து அவற்றைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ள, புழு செயலிழந்து போகிறது. பாலூட்டிகளுக்கு அந்த வகை வாயில் கிடையாது. அதனால்தான் நாய் பிழைக்கிறது, புழு சாகிறது. இளம்புழு நாயின் நோய் எதிர்ப்பு அணுக்களிடமிருந்து ஒளிந்துகொள்ளச் சில பொருள்களைச் சுரக்கிறது, அதையும் இந்த மருந்து நிறுத்திவிடுகிறது என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பலர் நினைப்பதுபோல இந்த மாத்திரை வரப்போகும் மாதத்துக்கான காவல் இல்லை. ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் நாயின் உடம்பிலிருந்து மருந்து பெரும்பாலும் வெளியேறிவிடும். அதற்குப் பிறகு கொசு கடித்தால் இளம்புழு தடையில்லாமல் உள்ளே போகலாம். மாத்திரை செய்வது, போன 30 நாளில் நுழைந்த மூன்றாம், நான்காம் நிலைப் புழுக்களைக் கொல்வது. இது வேலி இல்லை, களையெடுப்பு. முளைத்த களை வேர் பிடிப்பதற்குள் மாதம் ஒருமுறை வயலில் இறங்கிப் பிடுங்குகிற வேலை. அந்தக் களையெடுப்பு ஒரு மாதம் தவறி, புழு 50 நாளைத் தாண்டிவிட்டால் மாத்திரைக்கு அது சரியாகக் கட்டுப்படாது. ஆறு மாதம், ஓராண்டு நின்று வேலை செய்யும் மாக்ஸிடெக்டின் ஊசிகளும் உண்டு. அவை வேறு கணக்கு.

தங்கையிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “அண்ணா, ஜூன்ல நாங்க சென்னைக்கு வந்தோமே...” மே 1ஆம் தேதி ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறாள். ஜூனில் நாயைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். மாத்திரை ஞாபகமே இல்லை. திரும்பிப் போய் ஜூலை 20 வாக்கில்தான் அடுத்தது கொடுத்தாள். நடுவில் 80 நாள், அதுவும் ஹூஸ்டனின் கொசுக் காலத்தில். மே மாத ஆரம்பத்தில் ஒரு புழு உள்ளே போயிருந்தால், ஜூலை 20க்கு அது பிடுங்க முடியாத களை.

மருத்துவர் கேட்கும் பரிசோதனை இதற்குத்தான். தடுப்பு மாத்திரை வளர்ந்த புழுவைக் கொல்லாது. உள்ளே புழு இருப்பது தெரியாமல் மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், தமனிச் சுவர் தடித்துக்கொண்டே போகும். நாய் இருமும், இளைக்கும், ஓட முடியாமல் நிற்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ரத்தத்தில் குஞ்சுகள் ஏராளமாக இருந்து, மருந்து பட்டு அவை ஒரே நேரத்தில் செத்தால் சில நாய்களுக்கு அதிர்ச்சி நிலை வரலாம்.

இந்த ஆபத்து பழைய மருந்தில் இன்னும் மோசமாக இருந்தது. மாத மாத்திரை 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெறும்வரை, நாய்களுக்குத் தினமும் கொடுக்க வேண்டியிருந்த மருந்து டைஎத்தில்கார்பமசின். ஆமாம், யானைக்கால் நோய்க்குத் தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொடுத்த அதே டி.இ.சி. மாத்திரைதான். அதைக் கண்டறிந்தது அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் வழிநடத்திய குழு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். நமக்கு அவ்வளவு உபகாரம் செய்த மருந்தை, குஞ்சுகள் உள்ள நாய்க்குத் தெரியாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. பரிசோதனை செய்யாமல் தடுப்பு மருந்து கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அந்தக் காலத்திலேயே அழுத்தமாக இருந்தது.

புழு இருப்பது உறுதியானால் சிகிச்சை நீண்டது. மெலார்சோமின் என்ற ஆர்சனிக் சேர்மத்தை இடுப்புத் தசையில் ஆழமாக, மூன்று ஊசிகளாகப் போடுவார்கள். செத்த புழுத் துண்டுகள் நுரையீரலில் போய் அடைக்காமல் இருக்க, நாயை மாதக்கணக்கில் ஓடவிடாமல், குதிக்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். துறுதுறுப்பான நாயை வளர்த்தவர்களுக்கு அது எவ்வளவு கொடுமை என்று தெரியும்.

இதைத் தவிர்க்கத்தான் அமெரிக்காவில் இந்த மாத்திரை சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்தாக இருக்கிறது. மாத்திரை அட்டையிலேயே அது அச்சாகியிருக்கும். ஒழுங்கான ஆன்லைன் கடை என்ன செய்யும் என்றால், ஆர்டர் வந்ததும் உங்கள் கால்நடை மருத்துவரைத் தொடர்புகொள்ளும், அல்லது சீட்டை அனுப்பச் சொல்லும். மருத்துவர் பரிசோதனைத் தேதியையும் நாயின் எடையையும் பார்த்து ஒப்புதல் தருவார். அந்த ஒரு நாள் தாமதம் கடை சரியான கடை என்பதற்கு அடையாளம். சீட்டே வேண்டாம், இன்றே அனுப்புகிறோம் என்று சொல்லும் தளத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். போலி மருந்து, காலாவதியான மருந்து, வெளிநாட்டுக்கென்று தயாரான பெட்டி எல்லாம் அப்படிப்பட்ட இடங்களிலிருந்து வரலாம் என்று உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ எச்சரிக்கிறது. கடைக்கு மாநில மருந்தக வாரியத்தின் உரிமம் இருக்கிறதா, அமெரிக்க முகவரியும் தொலைபேசியும் இருக்கிறதா, கேள்வி கேட்டால் பதில் சொல்ல மருந்தாளுநர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளலாம். மருந்தக வாரியங்களின் தேசியச் சங்கம் சரிபார்த்த தளங்களுக்கு டாட் பார்மசி (.pharmacy) என்று முடியும் இணைய முகவரி கிடைக்கிறது. இவற்றில் தேறிய கடையில் விலை குறைவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். மாத்திரை அதே மாத்திரைதான். வந்த பார்சல் வெயிலில் தபால்பெட்டிக்குள்ளேயே கிடக்காமல் அன்றே எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான அட்டைகளில் 20 முதல் 25 டிகிரியில் வைக்கச் சொல்லியிருப்பார்கள்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம் ஐவர்மெக்டின் என்பது இதயப்புழுத் தடுப்பின் அளவு. 25 பவுண்டு, அதாவது 11 கிலோ வரையுள்ள நாய்க்கு ஒரு மாத்திரையில் இருப்பது 68 மைக்ரோகிராம். உப்புக்கல் அளவுகூட இல்லை. சிலர் சீட்டைத் தவிர்ப்பதற்காகப் பண்ணைப் பொருள் கடையில் மாட்டுக்கான ஒரு சதவீத ஐவர்மெக்டினை வாங்கி நாய்க்குக் கொடுக்கிறார்கள். அதில் ஒரு மில்லிலிட்டரில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. ஒரே ஒரு சொட்டு ஏறக்குறைய 500 மைக்ரோகிராம். அந்த 11 கிலோ நாய்க்கு அது ஏழு மடங்கு. கை தவறி நான்கு சொட்டு விழுந்தால் முப்பது மடங்கு. காலி (Collie), ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற நாய் இனங்களில் பல நாய்களுக்கு, மருந்தை மூளைக்குள் விடாமல் வெளியே தள்ளும் புரதம் மரபணுக் கோளாறால் வேலை செய்யாது. மாத்திரையின் அளவை அவையும் தாங்கும். இப்படிக் கூடிப்போனால் தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் என்று போய் உயிரே போகலாம்.

தங்கை சனிக்கிழமை நாயைக் கூட்டிக்கொண்டு போனாள். முன்காலில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, மருந்துத் துளிகளோடு கலந்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டில் விட்டார்கள். பத்து நிமிடத்துக்குள் ஒரு நீலப் புள்ளி மட்டும் தெரிந்தது. சோதனை சரியாக நடந்தது என்பதற்கான புள்ளி அது. இதயப்புழுவுக்கான புள்ளி வரவில்லை. மருத்துவர் அன்றே ஆன்லைன் கடைக்கு ஒப்புதல் அனுப்பிவிட்டார். ஆனால் அவளை உட்காரவைத்து இன்னொன்றும் சொன்னார். இந்தச் சோதனை கண்டுபிடிப்பது வளர்ந்த பெண்புழு வெளியிடும் புரதத்தை. மே, ஜூனில் ஏதாவது உள்ளே போயிருந்தால் அது இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை. இன்றைய சோதனைக்கு அது தெரியாது. மாத்திரை திரும்பத் தொடங்கியதிலிருந்து ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

அவள் கைப்பேசியில் இப்போது இரண்டு நினைவூட்டல் இருக்கிறது. ஒன்று ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்கு. இன்னொன்று ஜனவரி 20, காலை பத்து மணிக்கு.