‘நாத்திகம்’ சொல்லுக்குள் ஓர் ஆங்கில ‘இஸ்’

ஆங்கிலத்தில் ‘வாக்’ என்ற வினைக்கு நான்கே வடிவங்கள்: வாக், வாக்ஸ், வாக்டு, வாக்கிங். ‘பி’ வினைக்கு மட்டும் எட்டு: பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன். இவை ஒரு வினையின் உருத்திரிபுகள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். உண்மையில் தனித்தனியாக வாழ்ந்த மூன்று வினைகள் ஒன்றாகி வந்தது இது. ஆங்கிலம், சமஸ்கிருதம், இலத்தீன், கிரேக்கம் ஆகியவை ஒரே மூதாதை மொழியிலிருந்து கிளைத்த ஒரே குடும்பம். அந்த மூன்று வேர்களும் வடமொழிச் சொற்கள் வழியாகத் தமிழர் வாயில் தினமும் புழங்குகின்றன.

முதல் வேரின் பொருள் ‘இருத்தல்’. சமஸ்கிருதத்தில் ‘அஸ்தி’, இலத்தீனில் ‘எஸ்ட்’, ஆங்கிலத்தில் ‘இஸ்’. ‘ந அஸ்தி’, அதாவது ‘இல்லை’ என்பவர் நாத்திகர். ‘அஸ்தி’ என்பவர் ஆத்திகர். உள்ளது என்ற பொருளுடைய ‘சத்’, அதிலிருந்து வந்த ‘சத்தியம்’ ஆகியவையும் இதே வேர்தான். ஆங்கில ‘ஆம்’ (am) இன்னும் சுவையானது. ‘நான் இருக்கிறேன்’ என்பதற்குச் சமஸ்கிருதம் ‘அஸ்மி’ என்கிறது. அந்தத் தன்மை விகுதியின் ‘ம்’ இன்றைய ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த ஒரே வடிவத்தில்தான்.

இரண்டாம் வேருக்கு (சமஸ்கிருதத்தில் ‘பூ’, bhū) ‘ஆதல், தோன்றுதல்’ என்று பொருள். அதன் முதல் ஒலி மூச்சோடு சேர்ந்த ‘ப’ (bh). அந்த ஒலி ஆங்கிலத்தில் மூச்சை இழந்து வெறும் ‘ப’ (b) ஆயிற்று. இலத்தீனில் ‘ஃப’ ஆயிற்று. சமஸ்கிருதத்தில் ‘ப்ராதா’ என்றிருப்பது ஆங்கிலத்தில் ‘பிரதர்’ என்றும் இலத்தீனில் ‘ஃப்ராத்தர்’ என்றும் இருப்பது இதே விதிப்படிதான். எனவே அனுபவம், சம்பவம், பூதம் ஆகியவை ‘பி’யின் உறவுகள். இலத்தீன் வழி வந்த ‘ஃபியூச்சர்’ (இனி ஆகப்போவது), கிரேக்க வழி வந்த ‘பிசிக்ஸ்’ ஆகியவையும் அப்படியே.

மூன்றாவது, ‘தங்குதல்’ என்ற பொருளுடைய வேர். வசித்தல், வனவாசம், கிராமவாசி என்பவற்றில் உள்ளது அதுவே. ஆங்கிலத்தில் அதன் இறந்தகாலம் மட்டுமே ‘வாஸ்’, ‘வேர்’ என மிஞ்சியது.

ஒரே வேரென்றால் ஒன்றில் ‘ஸ்’, மற்றதில் ‘ர்’ ஏன்? இதற்கு விடை தந்தவர் டென்மார்க் மொழியியலாளர் கார்ல் வெர்னர், 1870களில். வேத மொழியில் ஒருமையான ‘உவாச’ (தங்கினான்) என்பதில் அழுத்தம் வேரின் மேல் விழும். பன்மையான ‘ஊஷுஹ்’ என்பதில் விகுதிக்கு நகர்ந்துவிடும். ஜெர்மானிய மொழிகளின் மூதாதையிலும் அழுத்தம் ஒரு காலத்தில் இப்படியே இடம் மாறியது. அழுத்தமுள்ள உயிருக்குப் பின் வந்த ‘ஸ்’ நிலைத்தது. அழுத்தமில்லாத உயிருக்குப் பின் வந்தது குரல்நாண் அதிரும் ஒலியாகி (z), பிறகு ‘ர்’ ஆனது. அந்த நகரும் அழுத்தம் மறைந்து ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அதன் தடம் அழியவில்லை. ஜெர்மன் மொழி பிற்காலத்தில் இரண்டையும் ‘ர்’ ஆக்கிச் சமப்படுத்திவிட்டது. ஆங்கிலம் அதைச் செய்யாதது மொழியியலுக்குக் கிடைத்த பேறு.

பழைய ஆங்கிலத்தில் முதல் இரு வேர்களும் நிகழ்காலத்தில் அருகருகே வழங்கின. இப்போதைய நிலையைச் சொல்ல ‘இஸ்’. என்றும் உள்ளதையும் இனி வருவதையும் சொல்ல ‘பித்’. பிறகு இந்த வேறுபாடு மங்கியது. பன்மைக்கு இருந்த ‘சிந்தோன்’ அழிந்தது. இங்கிலாந்தின் வடக்கு, நடுப்பகுதி வழக்கான ‘ஆர்’ மெல்லத் தெற்கே பரவியது. (‘ஆர்’ எந்த வேரிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு.)

இவ்வளவு ஒழுங்கற்ற வினை ஏன் சீராகவில்லை? அடிக்கடி புழங்குவதால்தான். ‘ஹெல்ப்’ வினைக்கு ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’, ‘ஹோல்பன்’ என்ற வடிவங்கள் இருந்தன. 1611 ஆங்கில விவிலியத்தில் ‘ஹோல்பன்’ இருக்கிறது. எப்போதாவது மட்டும் காதில் விழும் வடிவம் நினைவில் தங்காது. பொதுவிதி அதை விழுங்கிவிடும். ‘வாஸ்’ குழந்தையின் காதில் நாளெல்லாம் விழுகிறது. அதனால் விதியின் துணையில்லாமலே பதிந்துவிடுகிறது.

இந்த உறவைத் தமிழுக்கே நீட்டும்போதுதான் தவறு நேர்கிறது. தமிழ் ‘இரு’வும் ஆங்கில ‘ஆர்’உம் ஒன்று என்பார்கள் சிலர். இன்றைய ஒலிகளை ஒப்பிடுவது பிழை. கிடைக்கும் மிகப் பழைய வடிவங்களை எடுத்து, அதே ஒலி மாற்றம் வேறு பல சொற்களிலும் நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘பி’க்குப் ‘பிரதர்’ சாட்சி. ‘இரு – ஆர்’ இணைக்கு அப்படியொரு சாட்சி கிடையாது. ‘வாசல்’ கூட ‘வாஸ்’ஸின் உறவல்ல, அது ‘வாயில்’ என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து வேறான ஒரே குடும்பம் என்பதைச் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இல் எழுதினார். சமஸ்கிருத, கிரேக்க, இலத்தீன், ஜெர்மானிய வினைமுற்றுகளை ஒப்பிட்டு ஜெர்மன் மொழியியலாளர் ஃபிரான்ஸ் பாப் நூல் வெளியிட்டதும் அதே 1816இல்தான்.