ரெக்கார்டோட கடைசிப் பாட்டு ஏன் மெதுவா இருக்கு?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "1960, 70கள்ல வந்த இங்கிலீஷ் ஆல்பங்களை ஒவ்வொண்ணா கேட்டுட்டு வரேன். முதல் பாட்டு அதிரடியா இருக்கு, அஞ்சாறு பாட்டு தாண்டினா மெதுவா ஒண்ணு வந்து எல்லாம் முடிஞ்ச மாதிரி அடங்குது, அடுத்தது திரும்பவும் புதுசா கிளம்புது, கடைசில மறுபடி அடங்குது. இதுக்கு யாராவது சட்டம் போட்டாங்களா?" சட்டம் எல்லாம் இல்ல, எல்லா ஆல்பமும் இப்படித்தான்னும் இல்ல. ஆனா அவர் கவனிச்சது ரொம்பச் சரி. நடுவுல அடங்குற அந்த இடம்தான் ரெக்கார்டுத் தட்டைத் திருப்பிப் போடுற இடம், அதுக்குப் பின்னாடி இருக்கிறது ஸ்கூல்ல படிச்ச வட்டத்தோட சுற்றளவுக் கணக்கு. போன்ல கேக்குறப்ப அந்த இடம் இருக்கிறதே தெரியாது, அதான் குழப்பம்.

அடிப்படையை வேகமா சொல்லிடறேன். ஒலின்னா அதிர்வு. அந்த அதிர்வை ஒரு வெட்டுமுள் சுத்துற தட்டுல நெளிநெளியான பள்ளமா வெட்டுது, அதுலேர்ந்து அச்சு எடுத்து பிளாஸ்டிக்ல அழுத்தறாங்க, நம்ம வீட்டு பிளேயர் முள் அந்தப் பள்ளத்துல ஓடறப்ப அதே மாதிரி நெளியுது, அந்த அசைவு கரண்டா மாறி ஸ்பீக்கருக்குப் போகுது. இந்தப் பள்ளத்துக்குப் பேர் க்ரூவ். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு க்ரூவ்தான், வெளி ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுல ஒட்டியிருக்கிற லேபிள் வரைக்கும் சுருளா போகுது. 22 நிமிஷம் ஓடற ஒரு பக்கத்தோட க்ரூவை நேரா நீட்டினா சுமார் 470 மீட்டர் வரும்.

எமில் பெர்லினர் 1887ல தட்டு கிராமபோனுக்கு பேடன்ட் வாங்கினார். ரொம்ப வருஷம் தட்டோட ஒரு பக்கம்தான் பாடும், பின்பக்கம் மொட்டையா இருக்கும். 1904ல ஜெர்மனில ஓடியான் கம்பெனி ரெண்டு பக்கமும் பாடற தட்டை விக்க ஆரம்பிச்சுது. ஆனா நிமிஷத்துக்கு 78 சுத்து வேகத்துல 10 இஞ்ச் தட்டு ஒரு பக்கம் 3 நிமிஷம் சொச்சம்தான் பாடும், 12 இஞ்ச்னா நாலு, நாலரை. பீத்தோவனோட ஒன்பதாவது சிம்பனி வேணும்னா எட்டு ஒன்பது தட்டு அடங்கின ஒரு கனமான பெட்டி வாங்கணும், நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து போகணும். நம்ம ஊர் வித்வான்களும் இதே சிறைக்குள்ளதான் பாடினாங்க, அரை மணி நேரம் பாடற கீர்த்தனையை 3 நிமிஷத்துக்குள்ள பல்லவி, அனுபல்லவி, சரணம்னு முடிக்கணும், முடியலேன்னா பாகம் 1 இந்தப் பக்கம், பாகம் 2 அந்தப் பக்கம். அந்தத் தட்டெல்லாம் அரக்குல செஞ்சது, உலகம் பூரா போன அந்த அரக்குல பெரும்பங்கு இந்தியாவுலேர்ந்து போனதுதான். ரெண்டாம் உலகப்போர்ல அரக்கு தட்டுப்பாடு வந்து 1942ல அமெரிக்க அரசாங்கமே ரெக்கார்டு கம்பெனிகளுக்கு ரேஷன் வெச்சுது, அப்புறம் ராணுவத்துக்கு அனுப்பின தட்டுகள்ல வினைல்ங்கிற பிளாஸ்டிக் புழக்கத்துக்கு வந்துது. அரக்குத் தட்டுல கல்பொடி கலந்திருக்கும், அதனால கரகரன்னு இருக்கும், வினைல் வழவழன்னு இருக்கும். வழவழப்பா இருந்தாத்தான் க்ரூவை மெலிசா வெட்ட முடியும்.

1948 ஜூன்ல கொலம்பியா கம்பெனி எல்.பி.யை, அதாவது லாங் பிளேயிங்னு நீண்ட நேரம் ஓடற தட்டை, நியூயார்க்ல அறிமுகப்படுத்துச்சு. 12 இஞ்ச், நிமிஷத்துக்கு 33⅓ சுத்து, மெல்லிசு க்ரூவ். அந்தக் கம்பெனியை நடத்தின எட்வர்ட் வாலர்ஸ்டீன் கிளாசிக்கல் படைப்புகளை ஒவ்வொண்ணா டைம் பண்ணிப் பாத்து, பக்கத்துக்கு 17 நிமிஷம் கிடைச்சா அதுல சுமார் 90 சதவீதம் ஒரே தட்டோட ரெண்டு பக்கத்துல அடங்கிடும்னு கணக்குப் போட்டார், எஞ்சினியர்கள் முதல்ல கொண்டுவந்த கம்மி நிமிஷத்துக்கெல்லாம் ஒத்துக்கவே இல்ல. கடைசில 20, 22 நிமிஷம் வரைக்கும் கிடைச்சுது. ராக் ஆல்பத்துக்கு நாப்பது நிமிஷம்னு ஒரு அளவு வந்ததுக்கு மூலம் சிம்பனியோட நீளம்தான்!

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வரேன். தட்டு முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே வேகத்துல சுத்துது, ஒரு சுத்துக்கு 1.8 செகண்டு. வெளி ஓரத்துல ஒரு சுத்தோட நீளம் சுமார் 92 சென்டிமீட்டர், லேபிள் பக்கத்துல வெறும் 38. ரெண்டையும் முள் அதே 1.8 செகண்டுலதான் கடக்குது. அதாவது முதல் பாட்டுல முள்ளுக்கு அடியில செகண்டுக்கு 51 சென்டிமீட்டர் க்ரூவ் ஓடுது, கடைசிப் பாட்டுல 21 தான். ஒரு செகண்டு பாட்டை எழுத முதல்ல கிடைச்ச இடத்துல பாதிகூட கடைசில கிடைக்கல.

இதனால என்ன ஆகுதுன்னு பாருங்க. பாடகி "ஸ்"னு சொல்றப்ப வர்ற சத்தத்துல செகண்டுக்கு 10,000 அதிர்வு இருக்குன்னு வெச்சுக்குவோம். வெளி ஓரத்துல ஒரு அதிர்வுக்கு 0.05 மில்லிமீட்டர் இடம் கிடைக்குது, உள்ளே வந்தா 0.02 மில்லிமீட்டர். சாதாரண முள்ளோட நுனி உருண்டையா இருக்கும், அதோட ஆரமே சுமார் 0.018 மில்லிமீட்டர். வெட்டுமுள் உளி மாதிரி கூர் விளிம்பு உள்ளது, அது எவ்வளவு நெருக்கமான நெளிவையும் வெட்டிட்டுப் போயிடும், ஆனா கேக்குற முள்ளை அப்படிக் கூரா செய்ய முடியாது, செஞ்சா ஒவ்வொரு தடவை கேக்குறப்பவும் க்ரூவையே செதுக்கிடும். சின்னக் குழியில பெரிய வண்டிச் சக்கரம் முழுசா இறங்காம மேலாக்கத் தாண்டிப் போற மாதிரி இந்த உருண்டை நுனியும் அந்த நெருக்கமான வளைவுகளுக்குள்ள இறங்க முடியாம விளிம்புல தொத்திட்டு ஓடுது. வெட்டினது ஒரு வடிவம், முள் படிக்கிறது வேற வடிவம். காதுக்கு அது "ஸ்" "ஷ்" எல்லாம் எச்சில் தெறிக்கிற மாதிரி, டிரம்ஸோட இருக்கிற பித்தளை சிம்பல் சத்தம் மணல் கொட்டற மாதிரி கேக்கும். நுனியை நீள்வட்டமா தேய்ச்ச முள்ளுல இது குறையும், முழுசா போகாது.

இதுல முக்கியமான விஷயம், சத்தம் கூடக் கூட நெளிவும் செங்குத்தா ஆகுது, அதனால உள் வட்டத்துல பலமான டிரம்ஸ், கத்திப் பாடறது, பளிச்சுனு பித்தளை வாத்தியம் இதெல்லாம் வெச்சா நாறிடும், ஒரு கிடாரும் மெல்லிய குரலுமா இருந்தா அவ்வளவா தெரியாது. வாசகரோட கேள்விக்கு பாதி பதில் இதுதான். தட்டு வெட்டற எஞ்சினியர் "பலமான பாட்டை முதல்ல வைங்க, அமைதியானதை லேபிள் பக்கம் வைங்க"ன்னு சொல்லுவார், தயாரிப்பாளரும் முதல் பாட்டுலயே ஆளைப் பிடிச்சு உக்கார வைக்கணும்னு நினைப்பார், ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்ணாவே அமைஞ்சுடுச்சு.

எடிசனோட பழைய உருளை ரெக்கார்டுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது, உருளையில எந்த இடத்துலயும் சுற்றளவு ஒண்ணுதானே. ஆனா தட்டை தோசை மாதிரி அழுத்தி ஆயிரக்கணக்குல எடுக்கலாம், அடுக்கி வைக்கலாம், பின்பக்கமும் எழுதலாம், அதனால தட்டு ஜெயிச்சுது. பின்னாடி சிடி வந்தப்ப பாடத்தைக் கத்துக்கிட்டாங்க, அது உள்ளேர்ந்து ஆரம்பிச்சு வெளியே போகும், ஆரம்பத்துல நிமிஷத்துக்கு 500 சுத்து, வெளி ஓரம் போறப்ப 200, லேசருக்கு அடியில ஓடற வேகம் எப்பவும் ஒண்ணு.

ராக் பாட்டுக்கு சரி, பாட்டு வரிசையை மாத்திக்கலாம். சிம்பனிக்கு? அதோட உச்சமே கடைசிலதான் வரும், மொத்த ஆர்கெஸ்ட்ராவும் முழங்குற இடம் சரியா தட்டோட ரொம்ப மோசமான இடத்துல போய் விழும். நம்ம சங்கீதத்துக்கும் அதே கதி. 1955ல சரோத் கலைஞர் அலி அக்பர் கான் அமெரிக்காவுல ஒரு எல்.பி. வெளியிட்டார், வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹின் அறிமுகம் பேசியிருப்பார், ஒரு பக்கம் சிந்து பைரவி, மறு பக்கம் பீலு, பக்கத்துக்கு ஒரு ராகம். 3 நிமிஷத் தட்டுல மூச்சு முட்டிக்கிட்டிருந்த ராகத்துக்கு முதல் தடவையா கால் நீட்ட இடம் கிடைச்சுது, அது பெரிய விடுதலை. ஆனா மெதுவா தொடங்கி வேகமெடுத்து கடைசில தந்தி தெறிக்கிற வாசிப்பு வர்றப்ப முள் லேபிள் பக்கத்துல இருக்கும். ராகத்தோட வடிவமும் தட்டோட வடிவமும் நேர் எதிர்.

நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. பாஸ்ங்கிற கனமான கீழ் சத்தத்துக்கு க்ரூவ் அகலமா ஆடணும், அகலமா ஆடினா பக்கத்து சுத்தை இடிக்கும். அதனால வெட்டறப்ப பாஸைக் குறைச்சு, ட்ரெபிள்ங்கிற கீச்சு சத்தத்தைக் கூட்டி வெட்டுவாங்க, ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழாக்கிக் கொடுக்கும். அப்படியும் ஒரு பக்கத்துல 25, 28 நிமிஷம் திணிச்சா மொத்த வால்யூமையும் இறக்கித்தான் ஆகணும். ஒரு எல்.பி.யை டியூப்லைட் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, பலமான இடம் சாம்பல் பூத்த மாதிரி பட்டையா தெரியும், அமைதியான இடம் கருகருன்னு வழவழப்பா இருக்கும், பாட்டு எங்க ஏறி எங்க இறங்குதுன்னு கண்ணாலயே சொல்லிடலாம். வினைல்ல எல்லாமே அப்படியே இருக்கும், டிஜிட்டல்ல உயிர் போயிடும்னு மந்திரம் மாதிரி சொல்லி பத்தாயிரக்கணக்குல கேபிள் விக்கிறவங்ககிட்ட ஏமாறாதீங்க. வினைல் எனக்கு உசிரு, ஆனா அது எதை இழக்குதுன்னு தெரிஞ்சு நேசிக்கிறதுதான் சரி.

கண்ணாலன்னு சொன்னேன்ல, அதை நிஜமாவே செஞ்சவங்க இருக்காங்க. அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துல கார்ல் ஹேபர்னு ஒரு துகள் இயற்பியலாளர், அணுத்துகள்களோட தடத்தைப் பிடிக்கிற கருவிகளுக்காக வளர்த்த நுட்பமான அளவீட்டு முறையை எடுத்து, க்ரூவை முள் படாம போட்டோவா எடுத்து, அதுலேர்ந்து கம்ப்யூட்டர்ல ஒலியை வரவழைச்சார். உடைஞ்ச தட்டு, தொட்டாலே உதிரற உருளை எல்லாம் பாடுச்சு. "துகளைத் தேடி இவ்வளவு கோடி எதுக்கு"ன்னு கேக்குறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். நம்ம நாட்டுல எத்தனையோ 78 தட்டுகள் பரண்ல பூஞ்சை பிடிச்சுக் கெடக்கு, இந்த மாதிரி வேலைக்கு ஒரு நிரந்தர நிதி ஒதுக்கினா என்ன குறைஞ்சிடும்?

சரி, பதிலோட மீதிப் பாதி. எஞ்சினியர்களோட கட்டாயமா இருந்ததை கலைஞர்கள் கையில எடுத்தாங்க. ரெண்டு பக்கம்னா ரெண்டு ஆரம்பம், ரெண்டு முடிவு, நாலு முக்கியமான நாற்காலி. பாப் டிலன் 1965ல ஒரு ஆல்பத்துல ஒரு பக்கம் எலக்ட்ரிக் பேண்டோட, மறு பக்கம் பெரும்பாலும் தனி கிடாரோட பாடினார், ஒரே தட்டுல ரெண்டு ஆள் மாதிரி. ஜெத்ரோ டல்ங்கிற ராக் பேண்ட் 1972ல 43 நிமிஷத்துக்கு மேல ஒரே பாட்டுன்னு செஞ்சாங்க, அதுவும் நடுவுல மங்கி மறைஞ்சு, திருப்பிப் போட்டப்புறம் மறுபடி எழுந்து வர வேண்டியிருந்துது. எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது பீட்டில்ஸ் 1969ல செஞ்ச 'அபே ரோடு'. முதல் பக்கத்தோட கடைசில ஒரே கனமான கிடார் வரி திரும்பத் திரும்ப வந்து, புயல் மாதிரி இரைச்சல் ஏறிக்கிட்டே போய், டேப்பைக் கத்திரியால வெட்டின மாதிரி பட்டுனு நிக்கும். அமைதியாத்தான் முடியணும்னு இருந்த இடத்துல இரைச்சலை உச்சத்துக்கு ஏத்தி அறுத்துட்டாங்க. நீங்க எழுந்து போய்த் தட்டைத் திருப்பணும். திருப்பினா ஜார்ஜ் ஹாரிசனோட கிடார், சூரியன் வருதுன்னு ஒரு பாட்டு. நடுவுல அந்த இருபது முப்பது செகண்டு இருந்தாத்தான் அது வேலை செய்யும். ஸ்ட்ரீமிங்ல கேட்டா ஓரிரு செகண்டுல அடுத்தது வந்துடும், பாவமா இருக்கு.

கேக்குற பழக்கமும் மாறுச்சு. சில பேர் ஒரு பக்கத்தை மட்டுமே தேய்ச்சுத் தேய்ச்சுக் கேப்பாங்க, ரெண்டாம் பக்கம் புதுசாவே இருக்கும். தட்டை அடுக்கி வெச்சா தானே ஒண்ணொண்ணா விழற சேஞ்சர் மிஷின்களுக்காக ரெண்டு தட்டு ஆல்பத்துல 1ம் 4ம் பக்கம் ஒரு தட்டுல, 2ம் 3ம் பக்கம் இன்னொரு தட்டுல அச்சடிச்சதும் உண்டு, ரெண்டும் விழுந்தப்புறம் மொத்த அடுக்கையும் ஒரே தடவை திருப்பினா போதும்.

1982ல சிடி வந்து 74 நிமிஷம் இடம் கொடுத்தப்புறம் நடு முடிவும் நடு ஆரம்பமும் தேவையில்லாம போச்சு, ஆல்பங்கள் நீண்டுது, நடுவுல தொய்வான பாட்டுகள் சேந்துது. இப்ப வினைல் திரும்பி வந்திருக்கு, 2022ல அமெரிக்காவுல சிடியை விட வினைல் அதிகமா வித்துது, 1987க்கு அப்புறம் முதல் தடவை. ஆனா ஸ்ட்ரீமிங்குக்காகச் செஞ்ச 60, 65 நிமிஷ ஆல்பத்தை ரெண்டு தட்டுல போட்டு மூணு பக்கத்துல முடிச்சுட்டு நாலாவது பக்கத்துல ஏதாவது படத்தைச் செதுக்கி அனுப்பறாங்க. பாக்க அழகாத்தான் இருக்கு, எனக்கு மனசு ஒப்பல. அந்தப் பக்கத்தோட வெளி ஓரம் செகண்டுக்கு 51 சென்டிமீட்டர் ஓடற முதல்தரமான இடம், அங்க ஒரு பாட்டு இருந்திருக்கணும்.