ஓத மின்சாரம்: கடல் இலவசம், கட்டுமானம்தான் காசு

கடலில் ஓதம் ஏறி இறங்குவதை வைத்து மின்சாரம் எடுப்பது புது யோசனை அல்ல. பிரான்சில் ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் 240 மெகாவாட் நிலையம் 1966இலேயே வந்துவிட்டது. முகத்துவாரத்தின் குறுக்கே அணை. ஏற்றத்தில் உள்ளே வந்த நீரை மதகை மூடித் தேக்கி, வெளியே கடல் வற்றியதும் டர்பைன் வழியாகத் திறந்துவிடுவார்கள்.

அப்புறம் ஏன் இது பரவவில்லை? முதல் சிக்கல் இடம். கிடைக்கும் ஆற்றல் நீர்மட்ட வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ரான்ஸில் ஓதம் சராசரியாக 8 மீட்டர் ஏறும். 2 மீட்டர் மட்டும் ஏறும் கடற்கரையில் அதே அளவு தேக்கம் கட்டினால் பதினாறில் ஒரு பங்குதான் தேறும். அடுத்தது நேரம். உள்ளும் புறமும் மட்டம் ஒன்றாகும்போது டர்பைன் சும்மா நிற்கும். ரான்ஸ் ஆண்டுக்குத் தருவது சுமார் 50 கோடி யூனிட்; இடைவிடாமல் முழுத் திறனில் ஓடினால் கிடைக்கக்கூடியதில் கால்வாசி.

செலவோ, முதல் யூனிட் விற்பதற்கு முன்பே கான்கிரீட்டில் இறங்கிவிடுகிறது. வட்டி அன்றே ஓட ஆரம்பிக்கும். வேல்ஸில் ஸ்வான்சி விரிகுடாவில் 320 மெகாவாட்டுக்கு 130 கோடி பவுண்ட் ஆகும் என்றார்கள். 2018இல் பிரிட்டன் அரசு கைவிரித்தது. தென் கொரியாவின் சிஹ்வாவில் கடல் சுவர் ஏற்கெனவே இருந்தது. அதில் டர்பைன்களைப் பொருத்தி 2011இல் 254 மெகாவாட் நிலையத்தைத் திறந்தார்கள். என்னைக் கேட்டால், அணை வழி லாபப்படுவது இப்படி அமைந்தால்தான். அணை கட்டினால் வண்டல் சேர்வதும், மீன்களின் பாதை அடைபடுவதும் தனிக்கதை.

இப்போது நம்பிக்கை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது: அணையே இல்லாமல், குறுகிய நீரிணைகளின் அடியில் காற்றாலை மாதிரி டர்பைன்களை நிறுத்துவது. காற்றைவிட நீர் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது என்பதால் சிறிய இறக்கையே போதும். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. அடுத்த வருடம் எந்த மணிக்கு எவ்வளவு வரும் என்று இன்றே பெருமளவு கணித்துவிடலாம். காற்றிலும் வெயிலிலும் அது நடக்காது.

சரி, விலை? பிரிட்டனின் 2022 ஏலத்தில் இந்த மின்சாரம் ஆயிரம் யூனிட்டுக்கு 178.54 பவுண்ட், கடல் காற்றாலை 37.35 பவுண்ட் (2012 விலைக் கணக்கில்). கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. உப்புநீரில் கிடக்கும் இயந்திரம் பழுதானால் கப்பல் வேண்டும், ஓட்டம் தணியும் அந்தச் சிறு இடைவெளியும் வேண்டும்; இதுவே விலையை ஏற்றுகிறது. அதனால்தான் ஸ்காட்லாந்தின் மேஜென் திட்டத்தில் ஒரு டர்பைன் எதிர்பாராத பழுது இல்லாமல் ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது 2025இல் பெரிய செய்தியானது. கடன் கொடுப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான்.