சேற்றுக்கு மேலே நடக்கும் செருப்பு

மழையில் கால் நனையாமல் இருக்க என்ன செய்வோம்? தண்ணீர் உள்ளே வராதபடி காலை மூடிக்கொள்வோம். ஜப்பானின் பழைய மழைச்செருப்பு காலைத் திறந்தபடியே விட்டுவிட்டு, தரையிலிருந்து மேலே தூக்கிவிடுகிறது. அதன் பெயர் அஷிதா. 'கெட்டா' எனப்படும் மரச்செருப்பில் உயரமான வகை.

கால் வைக்க ஒரு பலகை, அதன் அடியில் குறுக்கே இரண்டு கட்டைகள். அந்தக் கட்டைகளை ஜப்பானியர்கள் 'ஹா', அதாவது பல் என்றே சொல்கிறார்கள். சாதாரண கெட்டாவில் பல்லின் உயரம் 4, 5 சென்டிமீட்டர். மழைக்கான அஷிதாவில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்.

'எடோ' என்று அழைக்கப்பட்ட பழைய டோக்கியோவில் பெரும்பாலும் மண் தெருக்கள்தான். அந்தப் பகுதியின் மண் எரிமலைச் சாம்பலிலிருந்து உருவானது. நல்ல மழை பெய்தால் குழைந்து சகதியாகிவிடும். அங்கே தட்டையான செருப்பு மேலாக வழுக்கும். பல்லோ சகதியைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித்தரையைத் தேடிப் போகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பலகை 22 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம் என்றால் பரப்பு 220. 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பற்களின் பரப்பு வெறும் 40. அதே உடல் எடை, ஐந்தரை மடங்கு அழுத்தம்! காலை எடுக்கும்போதும் தட்டையான அடிப்பாகத்தைச் சேறு கவ்விப் பிடிப்பதுபோல மெல்லிய பல்லைப் பிடிப்பதில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மரத்தேர்வு. பலகைக்குக் 'கிரி' மரம். ஒரு கன சென்டிமீட்டர் 0.3 கிராம்தான் இருக்கும். ஜப்பானிய மரங்களிலேயே மிக லேசானது. அதன் நீர்க்குழாய்களுக்குள் மெல்லிய சவ்வுகள் வளர்ந்து அடைத்துக்கொள்வதால் தண்ணீர் எளிதில் ஊறாது. ஆனால் மென்மையான மரம், தரையில் உரசினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் பல்லுக்கு மட்டும் 'ஹோ' என்ற மக்னோலியா வகை மரம்: கனம் கூடுதல், இழை நெருக்கம், தேய்ந்தாலும் சீராகத் தேயும். பலகையில் காடி எடுத்துப் பல்லை அதில் இறுக்கமாகச் செருகிவிடுவார்கள்.

செருகிய பல் என்பதால் கழற்றவும் முடியும். பல் தேய்ந்தால் செருப்பைத் தூக்கி எறிய வேண்டாம். புதுப் பல் மாட்டித் தருவதற்கென்றே தெருத்தெருவாக வரும் தொழிலாளிகள் இருந்தார்கள். வார் கோக்கும் முன்துளை பலகையின் நட்டநடுவில் இருப்பதால் இடது, வலது என்ற பேதமும் கிடையாது. ஒரு பக்கம் தேய்கிறதா, சரி, இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

நடையும் வேறு. பலகை வளையாது. உடல் முன்னோக்கிச் சாயும்போது முன்பல்லின் விளிம்பில் மொத்தச் செருப்பும் கவிழும். விரல்கள் வாரைக் கவ்விக்கொள்ள, குதிகால் மேலே எழும். அடுத்த அடியில் பல் தரையைத் தொடும்போது ஜப்பானியர்கள் 'கரன் கொரோன்' என்று சொல்லும் அந்த ஓசை.

மேலிருந்து விழும் மழைக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். தோலிலோ எண்ணெய்த் தாளிலோ செய்த சின்ன உறையை விரல்களுக்கு முன்னால் மாட்டி, கயிற்றால் பல்லோடு இழுத்துக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர் சுமாகாவா.

தார்ச்சாலையும் ரப்பர் பூட்ஸும் வந்தபின் தெருவில் அஷிதாவுக்கு வேலை குறைந்தது. அப்புறமும் அது விடாமல் ஒட்டிக்கொண்ட இடம் சமையற்கூடம். மீன் கழுவிய தண்ணீர் ஓடும் தரையில், உயரமான கெட்டாவை மாட்டிக்கொண்டு சமையற்காரர்கள் கால் நனையாமல் நின்று வேலை பார்த்தார்கள்.