மின் ஸ்கேட்போர்டு பேட்டரி: பத்துக் குழுக்களும் சமமாக நிரம்ப வேண்டும்

சொந்தமாகக் கட்டும் மின் ஸ்கேட்போர்டுகளில் பரவலாகக் காணப்படுவது 36 வோல்ட் பேட்டரி பேக். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 ரக லித்தியம் அயனி செல்கள் நாற்பது அதற்குள் இருக்கும். நான்கு செல்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் ஒரு குழு. அப்படிப் பத்துக் குழுக்களைத் தொடர் இணைப்பில் கோத்தால் ஒரு பேக். கட்டுபவர்கள் இதை 10எஸ்4பி என்பார்கள். ஒரு செல் 3000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் பேக் 12 ஆம்பியர்-மணி, ஏறத்தாழ 430 வாட்-மணி.

36 வோல்ட் என்பது பெயருக்குத்தான். செல்லுக்குச் சராசரியாக 3.6 வோல்ட் என்று போட்ட கணக்கு அது. முழுதாக நிரம்பிய செல் 4.2 வோல்ட் காட்டும், பத்துக் குழுக்களுக்கு 42 வோல்ட். ஆகவே ‘36 வோல்ட் சார்ஜர்’ என்று கடையில் கேட்டு வாங்கக் கூடாது. ஈய-அமில பேட்டரிக்கான 36 வோல்ட் சார்ஜர் 44 வோல்ட் வரை ஏற்றிவிடும். அப்போது ஒவ்வொரு லித்தியம் செல்லின் மேலும் 4.4 வோல்ட் விழும், அது தீப்பிடிக்கும் எல்லைக்குக் கொண்டுபோகும் அளவு. சார்ஜரின் ஸ்டிக்கரில் ‘வெளியீடு 42 வோல்ட், லித்தியம் அயனி’ என்று இருக்க வேண்டும். இருந்தாலும் முதல் முறை பேட்டரியில் செருகும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 41.8 முதல் 42.2 வோல்ட்டுக்குள் காட்டினால் சரி. எந்த முனை பிளஸ், எது மைனஸ் என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளலாம்.

இந்த சார்ஜர் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதல் கட்டத்தில் மின்னோட்டம் மாறாது, வோல்ட்டேஜ் மெல்ல ஏறும். 2 ஆம்பியர் சார்ஜர் என்றால், காலியான 12 ஆம்பியர்-மணி பேக் 42 வோல்ட்டை எட்ட ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். எட்டியதும் வோல்ட்டேஜ் 42-லேயே நிற்கும், மின்னோட்டம் படிப்படியாகக் குறையும். அது ஒரு சிறிய அளவுக்கு, பெரும்பாலும் 0.2 ஆம்பியர் வாக்கில், இறங்கியதும் விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். பச்சை விளக்குக்கு அர்த்தம் மின்னோட்டம் குறைந்துவிட்டது என்பது மட்டுமே. பத்துக் குழுக்களும் நிரம்பிவிட்டனவா என்பது சார்ஜருக்குத் தெரியாது. அது பார்ப்பது இரண்டு முனைகளை மட்டும்தான்.

ஒவ்வொரு குழுவையும் தனித்தனியாகப் பார்ப்பது பிஎம்எஸ் (பேட்டரி மேலாண்மை அமைப்பு) என்ற சிறு சர்க்யூட் பலகை. பதினோரு மெல்லிய கம்பிகள் பேக்கிலிருந்து அதற்குப் போகும். ஏதாவது ஒரு குழு 4.25 வோல்ட்டைத் தொட்டால் சார்ஜையே துண்டித்துவிடும். இப்போது ஒரு குழு மட்டும் 4.25-ல் இருக்க, மற்ற ஒன்பதும் 4.10-ல் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பேக் முழுவதற்கும் 41.15 வோல்ட்தான். பிஎம்எஸ் துண்டித்ததால் மின்னோட்டம் பூஜ்யமாகி சார்ஜர் பச்சை காட்டும். சில நிமிடங்களில் உயர்ந்த குழு சற்று இறங்க, பிஎம்எஸ் மீண்டும் இணைக்கும், விளக்கு சிவப்பாகும், பிறகு மறுபடி பச்சை. விளக்கு இப்படி மாறி மாறி எரிந்தால் சார்ஜர் பழுது என்று பலர் புதிது வாங்குகிறார்கள். பழுது பெரும்பாலும் பேக்குக்குள் இருக்கிறது.

உயர்ந்த குழுவின் மிகுதிச் சார்ஜை ஒரு ரெசிஸ்டர் வழியாக வெப்பமாக எரித்து, மற்றவற்றோடு சமன் செய்வதும் பிஎம்எஸ்ஸின் வேலைதான். ஆனால் மலிவான பலகைகளில் அந்தச் சமன் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியர் அளவே. அரை ஆம்பியர்-மணி வித்தியாசத்தைச் சரிசெய்யப் பத்து மணி நேரம் ஆகும். பச்சை வந்த நொடியே பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் இருந்தால் பேக் ஒருபோதும் சமனாகாது. சில வாரங்களுக்கு ஒருமுறை, ஆள் வீட்டில் விழித்திருக்கும் பகலில், பச்சைக்குப் பிறகும் சில மணி நேரம் விட்டு வைக்க வேண்டும்.

சமன் கெட்டிருக்கிறதா என்று அறிய பிஎம்எஸ் கனெக்டரில் அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு இடையே அளக்க வேண்டும். மல்டிமீட்டர் முனை வழுக்கி இரண்டு பின்களை ஒன்றாகத் தொட்டால் மெல்லிய கம்பி கருகிவிடும். அதனால் முனையில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் தெரியும்படி டேப் சுற்றிக்கொள்ளுங்கள். சார்ஜை எடுத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பத்து அளவுகளையும் எழுதி வையுங்கள். ஓட்டிக் காலியான பிறகு இன்னொரு முறை அளந்து எழுதுங்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நோய் தெரிந்துவிடும். ஒரு குழு நிரம்பும்போது எல்லாவற்றிலும் உயர்ந்தும் காலியாகும்போது எல்லாவற்றிலும் தாழ்ந்தும் இருந்தால் அதன் கொள்ளளவு குறைந்துவிட்டது. நான்கு செல்லில் ஒன்றை மற்றவற்றோடு இணைக்கும் நிக்கல் பட்டை விட்டுப்போயிருக்கக்கூடும்: 12-க்குப் பதில் 9 ஆம்பியர்-மணிதான் அந்தக் குழுவில். இரண்டு பட்டியலிலும் தாழ்ந்தே இருக்கும் குழுவுக்கு வெறும் சமனின்மைதான் காரணம், பொறுமையாகச் சார்ஜ் செய்தால் சரியாகும். சரியான பிறகும் சும்மா வைத்த ஒரு வாரத்தில் அதே குழு மட்டும் இறங்கினால் உள்ளே ஒரு செல் தானாகக் கசிகிறது. அந்தக் குழுவை மாற்றியே ஆக வேண்டும்.

ஸ்கேட்போர்டில் இவை அடிக்கடி நேரக் காரணம் அதிர்வு. கடினமான சிறு சக்கரங்கள் சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பையும் நேராகப் பேக்குக்கு அனுப்புகின்றன. ஸ்கேட்போர்டின் பலகை வளைந்து கொடுக்கும் ரகமாக இருந்தால், குழுக்களுக்கு இடையே நிக்கல் பட்டை நாளடைவில் முறிகிறது. அந்த இடத்தில் சிலிகான் உறை போட்ட நெகிழ்வான செம்புக் கம்பி போடுவதே சரி. பிஎம்எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய சமன் கம்பிகளில் ஒன்று அறுந்தாலோ, அதன் இருபுறமும் உள்ள இரண்டு குழுக்களையும் பிஎம்எஸ் தவறாகப் படிக்கும்.

சார்ஜ் வேகத்தைப் பொறுத்தவரை செல்கள் தாராளமானவை. சாம்சங் 30க்யூ, எல்ஜி எச்ஜி2 இரண்டுக்கும் வழக்கமான சார்ஜ் செல்லுக்கு 1.5 ஆம்பியர், நான்கு சேர்ந்தால் 6. தடை வேறு இடத்தில் இருக்கிறது. சார்ஜ் செருகும் வட்ட டிசி ஜாக் 4 ஆம்பியரில் சூடேறும். மூன்று பின் கொண்ட ஜிஎக்ஸ்16 கனெக்டர் நிம்மதி. ஸ்கேட்போர்டில் பொருத்தும் பகுதியில் உலோக முனை வெளியே நீட்டக் கூடாது, சாவி பட்டாலே ஷார்ட் ஆகும். பிளஸ் கம்பியில் பேக்குக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் வையுங்கள், 2 ஆம்பியர் சார்ஜருக்கு 5 ஆம்பியர் போதும். காரில் போடும் சாதாரண பிளேடு ஃபியூஸ் 32 வோல்ட்டுக்கானது. 58 வோல்ட் தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சார்ஜ் ஏற்றும் வெப்பநிலை 0 முதல் 45 டிகிரி செல்சியஸ். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். கொள்ளளவு போவதோடு உள்ளே ஷார்ட் ஆகும் வாய்ப்பும் கூடும். டொராண்டோ குளிரில் கராஜில் கிடந்த பலகையை வீட்டுக்குள் கொண்டுவந்து சில மணி நேரம் வைத்த பிறகே செருக வேண்டும். வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜ் போடுவதும் கெடுதல். பெட்டியைத் தொட்டால் சூடு தெரியாத வரை ஆறட்டும்.

முழுச் சார்ஜோடு மேட்டிலிருந்து கிளம்பக் கூடாது. மின் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி பேட்டரிக்குள் மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்பும். நிரம்பிய பேக்கில் அதற்கு இடமில்லை. வோல்ட்டேஜ் எல்லை தாண்டி பிஎம்எஸ் துண்டித்தால் பிரேக்கே போய்விடும். செல்லுக்கு 4.1, அதாவது 41 வோல்ட்டோடு நிறுத்தினால் இந்த ஆபத்து பெருமளவு குறைகிறது. பத்தில் ஒரு பங்கு தூரம் குறையும், பேக் பல நூறு சார்ஜ் சுற்றுகள் கூடுதலாக உழைக்கும். இது லாபமான பேரம். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் 37 முதல் 38 வோல்ட்டில் வையுங்கள்.

2016 ஜூலையில் அமெரிக்காவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோவர்போர்டுகள் பேட்டரி தீ ஆபத்தால் திரும்பப் பெறப்பட்டன. வீட்டில் கட்டிய பேக்கும் அதே வேதியியல்தான். சிமெண்ட் தரையில், வாசலை மறிக்காத இடத்தில் சார்ஜ் செய்யுங்கள், இரவில் தூங்கும்போது வேண்டாம். சீறும் சத்தமோ இனிப்பு கலந்த கரைப்பான் வாசனையோ வந்தால் எல்லோரும் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். அந்தப் புகை நச்சு.

மறந்துபோய் விட்டதில் ஏதாவது குழு 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அதை எழுப்ப முயலாதீர்கள். அந்த நிலையில் செல்லுக்குள் உள்ள செம்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏறும்போது வேறிடத்தில் படிந்து ஷார்ட் உண்டாக்கும். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.