ராயல் ஏர் ஃபோர்ஸ் ரெஜிமெண்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

பிரிட்டிஷ் விமானப்படையில் விமானம் ஓட்டாத, பழுது பார்க்காத, துப்பாக்கி ஏந்தித் தரையில் போரிடும் வீரர்கள் உண்டு. விமானத் தளங்களைத் தாக்குதலிலிருந்து காப்பது அவர்கள் பணி. அவர்களின் அமைப்புக்கு ராயல் ஏர் ஃபோர்ஸ் ரெஜிமெண்ட் என்று பெயர். இதை ‘விமானப்படைப் பிரிவு’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோவது எளிது. தவறும் இல்லை, பயனும் இல்லை. விமானப்படையில் எதுதான் பிரிவு இல்லை?

முதலில் ரெஜிமெண்ட் என்ற சொல். ‘ரெகெரே’ என்ற லத்தீன் வினைக்கு ஆளுதல், நடத்துதல் என்று பொருள். அதன் வழியாக வந்த ரெஜிமெண்ட், ஆங்கிலத்தில் முதலில் ஆட்சியையே குறித்தது. 1558இல் ஸ்காட்லாந்து மதச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸ் அரசிகளைச் சாடி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதன் தலைப்பில் வரும் ‘பெண்களின் ரெஜிமெண்ட்’ பெண்கள் படை அல்ல, பெண்களின் ஆட்சி. படைப்பொருள் அந்த நூற்றாண்டில்தான் வேர்பிடித்தது. ஒரு கர்னலின் ஆளுகைக்குள் வந்த வீரர்கள் அவருடைய ரெஜிமெண்ட் ஆனார்கள். பிறகு பிரிட்டிஷ் தரைப்படையில் இச்சொல்லுக்குக் கொடி, முத்திரை, முன்னோர் வென்ற போர்களின் பட்டியல் என்று ஒரு குலப்பெருமையே சேர்ந்துவிட்டது.

இந்தப் பெருமையை ஒரு விமானப்படை ஏன் கடன் வாங்கியது? 1941 மே மாதம் கிரேக்கத்தின் கிரீட் தீவில் நடந்ததுதான் காரணம். 20ஆம் தேதி ஜெர்மானியப் பாரசூட் வீரர்கள் மாலெமே விமானத் தளத்தின்மீது இறங்கினார்கள். தளத்தில் இருந்த விமானப்படையினரும் சுற்றியிருந்த நியூசிலாந்துத் தரைப்படையினரும் ஒரே தலைமையின் கீழ் இல்லை. தளத்துக்கு மேலிருந்த 107ஆம் குன்றிலிருந்து அன்றிரவே பாதுகாவலர்கள் பின்வாங்கினார்கள். மறுநாள் ஜெர்மானியப் போக்குவரத்து விமானங்கள் அதே ஓடுபாதையில் மலைப்படை வீரர்களை இறக்கத் தொடங்கின. ஜூன் பிறக்கும்போது தீவு கைவிட்டுப் போயிருந்தது. ஓர் ஓடுபாதை போனதால் ஒரு தீவே போனது என்பது லண்டனை உலுக்கியது. ஒவ்வொரு விமானத் தளமும் போரிடத் தெரிந்தவர்களின் கோட்டையாக இருக்க வேண்டும், சீருடை அணிந்த சிவிலியன்களின் குடியிருப்பாக இருக்கக் கூடாது என்று சர்ச்சில் அந்த ஜூன் மாதமே காட்டமாகக் குறிப்பு எழுதினார். அரசு அதிகாரி ஃபிண்ட்லேட்டர் ஸ்டூவர்ட் தலைமையிலான குழு, விமானப்படையின் கீழேயே தனி அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. மன்னர் ஆறாம் ஜார்ஜின் ஆணைப்படி 1942 பிப்ரவரி 1 அன்று அது பிறந்தது.

இங்கேதான் சிக்கல். பெயர் ரெஜிமெண்ட், ஆனால் தகுதியில் அது ஒரு கோர், அதாவது விமானப்படைக்குள் தனக்கென்று பணியும் பயிற்சியும் கொண்ட முழு அமைப்பு. அதன் உட்பிரிவுகளோ தரைப்படையின் பட்டாலியன், கம்பெனி, பிளாட்டூன் அல்ல. விமானப்படையின் விங், ஸ்குவாட்ரன், ஃபிளைட். ஒரு விமானம்கூட இல்லாத ஸ்குவாட்ரன்! வீரர்களை கன்னர், அதாவது பீரங்கி இயக்குபவர் என்கிறார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இருந்த காலத்தில் அது பொருந்தியது. ஃபாக்லாந்துப் போரில் 63ஆம் ஸ்குவாட்ரன் ரேப்பியர் என்ற விமான எதிர்ப்பு ஏவுகணைகளோடு சான் கார்லோஸில் நின்றபோதும் பொருந்தியது. அந்த ஏவுகணைகள் தரைப்படைக்குப் போய்விட்டன, கன்னர் என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.

முத்திரையில் குறுக்காக வைத்த இரண்டு துப்பாக்கிகள், அவற்றோடு விண்மீன் மகுடம், முழக்கமாக ‘பெர் ஆர்டுவா’. விமானப்படையின் முழக்கம் ‘இன்னல்கள் வழியே விண்மீன்களுக்கு’. இவர்கள் அதில் ‘இன்னல்கள் வழியே’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். விண்மீன் வரை போகிறவர்கள் வேறு ஆட்கள் அல்லவா? 1945 மார்ச்சில் பர்மாவின் மெய்க்திலா தளத்தில் அந்த இன்னலின் முகம் தெரிந்தது. இரவில் ஜப்பானியர்கள் ஓடுபாதையின் விளிம்புவரை ஊடுருவிப் பதுங்குவார்கள். விடிந்ததும் ரெஜிமெண்ட் வீரர்கள் தரைப்படையோடு சேர்ந்து தளத்தைத் துழாவி அவர்களை அகற்றிய பிறகே முதல் விமானம் இறங்க முடியும்.

இவர்களுக்கு ‘ராக் ஏப்ஸ்’ என்றொரு பட்டப்பெயரும் உண்டு. ஜிப்ரால்டர் பாறையில் திரியும் குரங்குகளிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வழிவழியாகச் சொல்லப்படும் கதையோ இன்றைய ஏமனில் உள்ள ஏடனைக் காட்டுகிறது. 1952 நவம்பரில் தாலா என்ற மலையூரில் இரண்டு அதிகாரிகள் பாறைக் குரங்கு என்று அங்கே அழைக்கப்பட்ட பபூன்களை வேட்டையாடப் போனார்கள். மங்கிய ஒளியில் அசைந்ததைப் பார்த்து ஒருவர் சுட்டார். பட்டது கூட வந்தவர்மீது. ஏன் சுட்டீர் என்று விசாரணையில் கேட்டபோது, பாறைக் குரங்கு என்று நினைத்தேன் என்றாராம். கேலியாகத் தொடங்கிய பெயரை அவர்களே விரும்பி வைத்துக்கொண்டார்கள். தமிழில் இதை மொழிபெயர்த்தால் வசவாகத்தான் ஒலிக்கும். ஒலிபெயர்த்துவிட்டு விளக்கம் தருவதே நல்லது.

சரி, தமிழ்ச் சொல். குலப்பெருமை உடைய படை என்ற கருத்து நமக்குப் புதிதன்று. உலைவிடத்தும் அஞ்சாத வன்கண்மை ‘தொல்படைக் கல்லால் அரிது’ என்கிறது குறள். அதை முன்னோர் காலம் முதல் வழிவழியாக வரும் மூலப்படை என்று விளக்குகிறார் பரிமேலழகர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்’, ‘உத்தம சோழத் தெரிந்த அந்தளகத்தாளர்’ என்று படைகள் வருகின்றன. மன்னர் பெயரைத் தாங்கி, தேர்ந்தெடுத்த வீரர்களைக் கொண்டவை. ஆங்கிலேயரின் ‘ராயல்’ ரெஜிமெண்டுகளும் இதே மனப்போக்குதான். ஆகவே பொதுவாக ரெஜிமெண்டுக்குப் படையணி என்பது பொருந்தும். படைப்பிரிவு என்பதை டிவிஷன், பிரிகேடு, யூனிட் எல்லாவற்றுக்கும் போட்டுத் தேய்த்துவிட்டோம்.

ஆனால் நாம் எடுத்துக்கொண்ட அமைப்புக்குப் படையணி போதாது, அது கோர் அல்லவா. நேஷனல் கேடட் கோர் என்பதைத் தேசிய மாணவர் படை என்று வெகுகாலமாக எழுதுகிறோம். கோருக்குப் படை என்பது ஏற்கெனவே நிலைத்த வழக்கு. எனவே என் தேர்வு ‘விமானத்தளக் காப்புப் படை’. காவல் படை என்றால் வாயிலில் நின்று அடையாள அட்டை பார்ப்பவர்கள் நினைவுக்கு வருவார்கள். அந்த வேலைக்கு விமானப்படைப் போலீசார் தனியாக இருக்கிறார்கள். முதல்முறை எழுதும்போது ‘ராயல் ஏர் ஃபோர்ஸ் ரெஜிமெண்ட் எனப்படும் பிரிட்டிஷ் விமானத்தளக் காப்புப் படை’ என்று முழுதாகவும், பிறகு காப்புப் படை என்று சுருக்கியும் எழுதலாம். இலங்கை விமானப்படையிலும் ரெஜிமெண்ட் என்ற பெயரில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதற்கும் இது செல்லும். இந்திய விமானப்படையின் கருட் கமாண்டோக்களுக்குச் செல்லாது. தளக் காப்போடு மீட்பு, சிறப்புத் தாக்குதல் என்று அவர்கள் பணி விரிந்தது.

மதராஸ் ரெஜிமெண்டை மட்டும் படையணி ஆக்கிவிட வேண்டாம். அது இடுபெயர், குன்னூருக்கு அருகே அதன் மையம் இருக்கும் வெலிங்டனில் போய்க் கேட்டாலும் ரெஜிமெண்ட் என்றுதான் சொல்வார்கள்.