தை மாதக் கல்யாணமும் கண்ணோர நீல மச்சமும்

ஏற்காட்டுக் காபித் தோட்டத்திலிருந்து தாயும் மகளும் முதல் பஸ்ஸிலேயே சேலத்துக்கு இறங்கி வந்திருந்தார்கள். பெண் துப்பட்டாவை விலக்கியதும் எனக்குப் பகீரென்றது. இடது கண்ணைச் சுற்றிப் பிறவியிலேயே வந்த சாம்பல் நீலம். அதன்மேல் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள். “தையில் கல்யாணம், டாக்டரம்மா. மங்கு என்று சொல்லி பார்லரில் வாரா வாரம் லேசர் வைத்தார்கள்” என்றார் தாய். இந்த மழைக்காலத்தில் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது முகம் இது.

மங்கு பெரும்பாலும் இரு கன்னங்களிலும் பழுப்பாக, வயதுவந்த பின் வரும். இவளுக்கு இருப்பது ஓட்டா மச்சம் எனப்படும் நீல மச்சம். இமையை விரித்துப் பார்த்தேன். வெள்ளை விழியிலும் நீலம் படர்ந்திருந்தது. அப்படிப்பட்டவர்கள் கண் அழுத்தத்தை ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ள வேண்டும். இதுவரை யாருமே அவர்களிடம் அதைச் சொல்லவில்லை.

லேசர் அழிரப்பர் அல்ல. தேய்க்கத் தேய்க்கப் போய்விடும் என்ற நினைப்பு, எத்தனை முறை சொன்னாலும் மாறுவதில்லை. ஓட்டா மச்சத்தின் நிறமி தோலின் ஆழத்தில் கிடக்கிறது. 1064 நானோமீட்டர் க்யூ-ஸ்விட்ச் லேசர் (மிகக் குறுகிய துடிப்புகளாகப் பாயும் ஒளி) அதை நொறுக்குவதோடு சரி. நொறுங்கியதை அள்ளிக்கொண்டு போவது உடம்பின் வேலை. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆகவேதான் 2, 3 மாத இடைவெளி விட்டுப் பல முறை செய்கிறோம். வாரா வாரம் சுட்டால் மச்சம் சீக்கிரம் போகாது. மேல்தோலுக்கு நிறம் தரும் நல்ல அணுக்கள் செத்து வெண்புள்ளிதான் விழும்.

எல்லா மச்சமும் ஒன்றல்ல. பால் காபி நிறத் திட்டுகள் லேசருக்குப் பிறகும் திரும்பி வரக்கூடும். குழந்தைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அளவில் 6 திட்டுகளோ அதற்கு மேலோ இருந்தால் லேசரை மறந்துவிட்டு, நரம்பு சார்ந்த பிறவிக் கோளாறு உண்டா என்று முதலில் பாருங்கள். முடி முளைத்த கருமச்சத்தில் மேல் நிறம் மங்கினாலும் அடியில் மச்ச அணுக்கள் இருக்கும். பின்னால் அது புற்றுநோயாக மாறினால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பச்சைக் குழந்தையின் முதுகடி நீலம் பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் தானே மறையும்.

சேராங்கொட்டை வைக்காதீர்கள், வெந்துவிடும். கண்ணருகே லேசர் என்றால் விழிக்குக் கவசம் வைக்கிறார்களா என்று கேளுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள். மலையில் குளிரடித்தாலும் வெயில் கடுமைதான், சன்ஸ்கிரீன் அவசியம்.

“கல்யாணத்துக்குள் ஒரே ஒரு முறையாவது?” என்று தாய் கெஞ்சினார். மாட்டேன் என்றேன். கண் மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, சித்திரையில் வரச் சொல்லியிருக்கிறேன்.